தளபதியாரிடம் யாம் வினவற்பாலன

வினா அறுவகைப்படும் என்று வகுத்தார் நன்னூலார். பிரவேச பண்டித வகுப்பிலே இப்பகுதியைக் கற்பிக்கும்பொழுதெல்லாம் மாணாக்கர் ஆறு பெயரையும் மனனஞ்செய்து பிழையின்றி ஒப்பிப்பர், ஒவ்வொன்றற்கும் உரையாசிரியர் காட்டிய உதாரணத்தையுங் கூறுவர், அவ்வளவில் அமைவர். தாம் நாள்தோறும் பிறரிடங் கேட்கும் வினா அவ்வாறனுள் எதன்பாற்படும் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இலக்கணம் பரீட்சைக்குரியது, வாழ்க்கைக்குரியதன்று என்னும் எண்ணம் நம்மவரிடை வேரூன்றிவிட்டது.

இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணமன்று, நாடுகாவல். ஒரு நாட்டின் படைகட்கெல்லாம் தலைமை பூண்டவரிடம், நாட்டின் காவலிலே எது முந்தியது, எது பிந்தியது என்பதுபற்றி யாது கேட்கத்தகும் என்பதே ஈண்டு ஆராயப்புகுவது. வினாவிலக்கணத்தை முன்வைத்துத் தொடங்கியமைக்குக் காரணமுண்டு. நமது பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் படைத்தலைவர்களோடு நிகழும் பேட்டிகளை நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். அங்குக் கேட்கப்படுவன பெரும்பாலும் அறிவினாக்களே. விடையைத் தான் அறிந்துவைத்தே ஆசிரியன் மாணாக்கனை வினவுவது அறிவினா. “நாட்டின் பாதுகாப்பு உறுதியாக இருக்கிறதா?” என்று பத்திரிகையாளர் கேட்பார். “ஆம், உறுதியாக இருக்கிறது” என்பார் தளபதியார். இவ்விடையைக் கேட்பவர் முன்னரே அறிவார், வாசிப்பவரும் அறிவார். வகுப்பறையில் அறிவினாவுக்குப் பயனுண்டு. அது மாணாக்கனைச் சோதிக்கும். தளபதியாரைச் சோதிக்கும் அதிகாரம் பேட்டி காண்பவருக்கு இல்லை. ஆகவே அங்கே அது வெறும் உபசாரமாய் முடிகின்றது.

வேண்டப்படுவது அறியாவினா. குடிமக்களாகிய நாம் அறியாதோம், தளபதியார் அறிந்தவர். அவர் அறிந்ததில் எதனை நாம் அறிந்தால் நமது வாக்கையும் வரிப்பணத்தையும் நன்கு பயன்படுத்தலாம் என்று தேர்ந்து கேட்பதே முறை. அவ்வாறு கேட்கப்பட்ட ஒரு வினாவை இங்கு நினைவுகூர்தல் தகும். 2003 பெப்ரவரி 25 இல், ஈராக்கின்மீது படையெடுப்பதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர், அமெரிக்க மூதவையின் படைத்துறைக் குழு முன்பு அந்நாட்டுத் தரைப்படைத் தலைவர் எரிக் சின்செக்கி அமர்ந்திருந்தார். போர் முடிந்தபின் ஈராக்கை ஒழுங்கில் வைத்திருப்பதற்கு எத்துணைப் படை வேண்டும் என்று கார்ள் லெவின் என்னும் உறுப்பினர் கேட்டார். பல நூறாயிரம் வீரர் வேண்டியிருக்கும் என்பது தளபதியின் விடை. இரண்டு நாட் கழித்துப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளர் உல்போவிட்ஸ் அவ்விடையை மறுத்துரைத்தார். ஏப்பிரலிற் பக்தாத் வீழ்ந்தது. அதன்பின் அந்நாடு பட்ட பாட்டை உலகறியும். 2007 இல் மேலும் படையனுப்ப நேர்ந்தது. லெவின் கேட்ட வினாவில் வெற்றி கிட்டுமா என்பதில்லை. வீரர் ஊக்கமாக உளரா என்பதில்லை. எத்துணை வேண்டும் என்பதே கேள்வி. எண்ணை விடையாக வேண்டி நிற்கும் வினாவுக்கு உபசாரத்தால் விடையிறுத்தல் அரிது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையிலே தலைமைப் படைத்தலைவர் எனப்படுபவர் யாவர்? முப்படைகளின் தலைமை அரசியலமைப்பின்படி சனாதிபதியைச் சார்ந்தது. அவர்க்குக் கீழே தரைப்படைக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனித் தளபதிகள் உளர். மூன்றையும் ஒருங்கே நோக்குவதற்கென அமைந்த பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி என்னும் பதவி, 2009 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்டவுருப் பெற்றது. ஒரு படையின் தளபதி தன் படைக்கு வேண்டியதைக் கேட்பார், அது இயல்பு. மூன்றுக்கும் இடையே எதற்கு முதலிடம் என்று சொல்லக்கூடியவர் பிரதானியே. ஆதலின் நமது வினா அவரை நோக்கியது. அவர் எந்நாட்டுடன் பகை, எந்நாட்டுடன் நட்பு என்று முடிவு செய்பவரல்லர். அது அரசைச் சார்ந்தது. ஆயின் அரசு செய்யும் முடிவுக்கு என்ன விலை, எதனை இழக்க நேரும் என்று உரைக்கத்தக்கவர் அவர்.

‘முன்னுரிமை’ என்னுஞ் சொல்லை இக்காலத்து அறிக்கைகளில் மிகுதியாகக் காண்கின்றோம். அதன் பொருளைச் சிறிது நின்று நோக்குதல் நன்று. ஒன்று முன்னே நிற்பதாயின் மற்றொன்று பின்னே நிற்றல் வேண்டும். கடலுக்கும் முன்னுரிமை, தரைக்கும் முன்னுரிமை, வானுக்கும் முன்னுரிமை, இணையவெளிக்கும் முன்னுரிமை என்று ஓர் அறிக்கை கூறுமாயின், அஃது எதற்கும் முன்னுரிமை அளிக்கவில்லை என்பதே பொருள். எனவே தளபதியாரிடம் முதற்கண் கேட்கத்தக்கது ஐயவினா. இதுவோ அதுவோ என்று இரண்டை எதிரெதிர் நிறுத்தி வினவுவது. எதனைப் பெற விரும்புகிறீர் என்று கேட்டால் நீண்டதொரு பட்டியல் கிடைக்கும். இப்பொழுது கைவசமுள்ளதில் எதனை விடுவீர் என்று கேட்டாற்றான் அவர் உள்ளத்திலுள்ள வரிசை வெளிப்படும்.

தரையோ கடலோ என்பதையே எடுத்துக்கொள்வோம். நமது தீவின் நிலப்பரப்பு 65,610 சதுரக் கிலோமீற்றர். நமக்குரிய பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் வலயமோ ஏறத்தாழ 517,000 சதுரக் கிலோமீற்றர். அஃதாவது நிலத்தினும் எட்டு மடங்கு. கடல் சூழ்ந்த நாட்டிலே மூன்று படைகளுள்ளும் மிகப் பெரியதாய் நிற்பது தரைப்படை. இதற்கு வரலாற்றுக் காரணம் இல்லாமலில்லை. சுதந்திரம் பெற்றபின் முதலில் அமைக்கப்பட்டது தரைப்படையே, 1949 இல். கடற்படை 1950 இலும் விமானப்படை 1951 இலும் தோன்றின. கடலைக் காப்பதற்குப் பிரித்தானியர் திருகோணமலையில் இருந்தனர்; அத்துறையையும் கட்டுநாயக்க விமானத்தளத்தையும் அவர் கையளித்தது 1957 இலேயே. புறக்காவலைப் பிறர் பார்த்துக்கொள்ள, நமது சிறுபடைக்கு வாய்த்த முதல் வேலைகள் எல்லாம் உள்நாட்டு வேலைகள். 1953 ஆம் ஆண்டு ஹர்த்தால், 1958 ஆம் ஆண்டுக் கலவரம், தென்னிந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வருவோரைத் தடுத்தல் என்று அது உள்நோக்கியே வளர்ந்தது. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரும் அதனைப் பேருருக் கொள்ளச் செய்தன. போர் முடிந்து பதினைந்தாண்டுக்கு மேலாகியும் உருவம் பெரிதும் அவ்வாறே நிற்கின்றது. பகைவன் மாறியபின்னும் படையின் முகம் பழைய திசையையே நோக்கி நிற்பது எந்நாட்டிலும் நிகழ்வதே. அதனைத் திருப்புவதற்குத்தான் வினா வேண்டும்.

இதற்கிடையில் கடலிலிருந்து வந்த இடர்கள் யாவை? 2004 டிசெம்பர் 26 இல் சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின்பின் ஆழிப்பேரலை நமது கீழைக் கரையைத் தாக்கியது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை எவரிடமிருந்தும் வரவில்லை. 2020 செப்டெம்பரிற் ‘நியூ டயமண்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் தீப்பற்றியது. அதன் வயிற்றில் 270,000 தொன் எண்ணெய் இருந்தது. இந்தியக் கப்பல்களும் துணைவந்து தீயை அணைத்ததால் மட்டக்களப்புக் கரை தப்பியது. அடுத்த ஆண்டு மே மாதத்திற் கொழும்புக்கு அணித்தே ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ எரிந்தபோது அத்துணை நற்பேறு வாய்க்கவில்லை. அமிலமும் பிளாத்திக்கு மணிகளும் ஏற்றிய அக்கப்பல் யூன் 2 இல் அமிழ்ந்தது. மேலைக் கரையெங்கும் வெண்மணிகள் ஒதுங்கின. படையினர் மணலைச் சலித்து அவற்றைப் பொறுக்கினர். அதற்கு இழப்பீடாக நூறு கோடி அமெரிக்க தொலர் செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2025 யூலையில் ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்து அறுநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இவற்றுள் எந்த இடரையும் பீரங்கி கொண்டு எதிர்க்க இயலாது. தீயணைக்கும் இழுவைக் கப்பல், மீட்புக்குரிய உலங்கு வானூர்தி, கரையோர எச்சரிக்கைக் கருவி ஆகிய இவையே அங்கு வேண்டியன. ஒரு காலாட்படைப் பிரிவைக் கலைத்து அப்பணத்திற் கடலுக்குரியன வாங்கத் தளபதியார் இசைவாரா, இசையாரா? இசையாராயின், அப்பிரிவு எந்தப் பகைக்கெதிராக நிற்கின்றது? இவ்விரு வினாவும் கேட்கப்படல் வேண்டும்.

பணத்தைப் பேசாமல் முன்னுரிமையைப் பேசுதல் வீண். திருக்குறட் பொருட்பாலிலே அதிகாரங்கள் நிற்கும் முறையை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். அமைச்சியலுக்குப் பத்து அதிகாரம், அதன்பின் நாடும் அரணும், அதன்பின் பொருள்செயல்வகை, படைக்குரிய இரண்டு அதிகாரமும் அவற்றின் பின்னரே வருகின்றன. சூழ்ச்சியும் நாட்டு வளமும் பொருளும் அமைந்தபின்னரே படை என்பது அவ்வைப்புமுறையாற் போதரும். நாம் 2022 ஏப்பிரலில் அயல்நாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்த நாட்டினர். எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். அவ்வரிசைகளைக் காக்கப் படையினர் நிறுத்தப்பட்டனர். 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத்திட்டத்திற் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கிய தொகை 44,200 கோடி ரூபாய். அதில் 38,200 கோடி மீண்டெழும் செலவினம். சம்பளமும் உணவும் உடையும் போன்றன. கருவிக்கும் கட்டடத்துக்கும் எஞ்சுவது 6,000 கோடி. ஏழு ரூபாயில் ஆறு ரூபாய் ஆளைப் பேணுதற்கே போகுமாயின் கப்பலுக்கும் வானூர்திக்கும் எஞ்சுவது எவ்வளவு? படைவீரனுக்குச் சோறிடுதல் வீண் என்று நாம் கூறவில்லை. இத்தனை வீரர் வேண்டுமா என்றே கேட்கின்றோம்.

இதனை அரசே உணர்ந்துளது. தரைப்படையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி 200,783 என்றும், அதனை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைப்பதென்றும் 2023 சனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு நூறாயிரம் என்னும் எண் எவ்வாறு பெறப்பட்டது? எண்பதினாயிரம் ஏன் ஆகாது? நூற்றிருபதினாயிரம் ஏன் வேண்டா? கணக்காசிரியர் விடையை மட்டும் நோக்கி மதிப்பெண் இடுவதில்லை. வழியையும் காட்டச் சொல்வார். வழியைக் காட்டுமாறு தளபதியாரையுங் கேட்டல் தகும்.

“இவை இரகசியம், பகிரங்கமாய்க் கூறலாகாது” என்பது வழக்கமாய் வரும் விடை. மறைக்க வேண்டியவை உள என்பது மெய்யே. இன்றிரவு கப்பல் எங்கே நிற்கின்றது, ஒற்றர் எவர், சங்கேதம் யாது என்பனவற்றைக் கேட்பவன் நாட்டின் நண்பனல்லன். ஆயின் எத்தனை பேர், எவ்வளவு பணம், எவ்வளவு நிலம் என்பன பகைவனுக்கு மறைந்தவை அல்ல. வானிலிருந்து பார்க்கும் செய்மதிக்கு முகாமின் வேலிகூடப் புலப்படும். பகைவன் அறிந்ததைக் குடிமகன்மாத்திரம் அறியாதிருக்க வேண்டும் என்பது விந்தையான காவல்!

எச்சரிக்கையைப் பற்றியும் ஒன்று வினவ வேண்டியுளது. நம் நாட்டு வரலாற்றிலே இரண்டு உயிர்த்த ஞாயிறுகள் உள. 1942 ஏப்பிரல் 4 இற் பேர்ச்சல் என்னும் கனேடிய விமானி தெற்குக் கடலில் யப்பானியக் கடற்படையைக் கண்டார். தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியை அனுப்பினார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. சேதம் சிறிதன்று, ஆயினும் துறைமுகத்துக் கப்பல்கள் பலவற்றை முன்னரே வெளியே அனுப்பியிருந்தனர், காவலர் விழித்திருந்தனர். எழுபத்தேழு ஆண்டு கழித்து, 2019 இலே, அதே ஏப்பிரல் 4 இல் இந்தியாவிலிருந்து நமது புலனாய்வுத் துறைக்கு எச்சரிக்கை கிடைத்தது. பதினேழு நாட் கழித்து, ஏப்பிரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கோயில்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. ஏறத்தாழ 270 உயிர் மாய்ந்தன. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டோருட் பலர் பிள்ளைகள். முன்னைய சனாதிபதியும் பாதுகாப்புச் செயலாளரும் பொலிசு மாஅதிபரும் புலனாய்வுத் தலைவர்களும் இழப்பீடு செலுத்துமாறு 2023 சனவரி 12 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னைய சனாதிபதி செலுத்த வேண்டியது பத்துக் கோடி ரூபாய். விமானமும் வானொலியும் கொண்டு ஒரு மனிதன் ஒரே நாளிற் செய்ததை, பல நிறுவனங்கள் கூடிப் பதினேழு நாளிற் செய்யவில்லை. எச்சரிக்கை இல்லாமையன்று குறை. அது போய்ச்சேர வழி இல்லாமையே. ஓர் எச்சரிக்கை வந்தால் அது எத்தனை மேசை கடந்து, எத்தனை மணி நேரத்தில் ஆவன செய்யத்தக்கவரைச் சென்றடையும்? 2019 இன் பின்பு அவ்வழியில் மாறியது யாது? தளபதியார் இவ்வினாவுக்கு “அனைத்தும் சீர்செய்யப்பட்டுள” என்பாராயின் மீண்டும் கேட்க வேண்டும். மேசை எத்தனை, மணி எத்தனை என்று எண்ணாலேயே விடை வரும்வரை கேட்டல் வேண்டும்.

கொளல்வினா என்று ஒன்றுண்டு. பயறு இருக்கிறதா என்று வணிகனிடம் கேட்பவன் பயறின் வரலாற்றை அறிய விரும்புபவனல்லன். அதனைப் பெற வந்தவன். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர் படைத்தலைவரிடம் நிலத்தைப்பற்றிக் கேட்பது இவ்வகையது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் இருபத்தேழு ஆண்டு கழித்து 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பகுதி பகுதியாக நிலம் விடுவிக்கப்பட்டது. விடுவித்தவரை அது நன்று. எஞ்சியுள்ள நிலத்துக்குக் கூறப்படும் காரணம் பாதுகாப்பு. சில ஆண்டுக்கு முன்னர், நாட்டின் தலைமைத் தளபதியிடம் நீவிர் கேட்க விரும்பும் வினா ஒன்றை எழுதுக என்று என் வகுப்பு மாணவரைப் பணித்தேன். பலர் வல்லரசுகளையும் ஏவுகணைகளையும்பற்றி எழுதினர். ஒரு மாணவி எழுதியது ஒரு வரி: “எங்கள் வளவுக் கிணற்றில் இப்போது யார் தண்ணீர் அள்ளுகிறார்கள்?” இலக்கணப்படி அஃது அறியாவினாவா, கொளல்வினாவா என்று வகுப்பில் நெடுநேரம் வாதம் நடந்தது. நான் தீர்ப்புக் கூறவில்லை.

அவ்வினாவைத் தளபதியாரின் மொழியிற் பெயர்ப்பது கடினமன்று. இன்ன வேலிக்குள் உள்ள இத்தனை ஏக்கர், எந்த இடரை, எவ்வாறு தடுக்கின்றது? விமானத்தளத்தின் ஓடுபாதையைச் சூழ இத்துணை வெளி வேண்டும் என்றால் அது விளங்கும், வெளிநாட்டிலும் அவ்வாறே. ஆயின் அதே வேலிக்குள் மரக்கறிப் பயிரும் விடுதியும் உணவுச்சாலையும் இருக்குமாயின், அவை பாதுகாப்பின் எவ்வுறுப்பு? ஆசிரியனாதலின் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கின்றேன். போருக்குப் பின்பு வன்னியிலே பாதுகாப்பு அமைச்சின் கீழமைந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. அதனால் வருவாய் பெற்ற குடும்பங்கள் உள. அதனை இகழ்தல் தகாது. எனினும் நான்கு வயதுக் குழந்தைக்கு அகரம் எழுதுவிப்பது நாட்டின் படைத்துறை ஆற்றும் பணிகளின் வரிசையில் எத்தனையாவது? பட்டியலை நீட்டுவதால் ஒரு படையின் பெருமை மிகுவதில்லை. தனக்குரியதன்றி மற்றெல்லாவற்றையுஞ் செய்யும் படை தனக்குரியதைச் செய்யும் நேரத்தை இழக்கும்.

பாக்குநீரிணையிலே தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து நமது மீனவரின் வலைகளை அறுத்துக் கடலடியைச் சுரண்டிச் செல்லுதல் நெடுநாட் சிக்கல். கடலெல்லை 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்டது. அடிமட்ட இழுவைமுறையை நமது பாராளுமன்றம் 2017 இலே தடை செய்தது. கடற்படை கைதுசெய்கின்றது, வழக்கு நடக்கின்றது, படகுகள் மீண்டும் வருகின்றன. 2024 இல் இப்பணியில் ஒரு கடற்படை வீரரும், பின்னர் ஒரு தமிழ்நாட்டு மீனவரும் உயிரிழந்தனர். இருகரையிலும் அழுதது தமிழ்த் தாயரும் சிங்களத் தாயருமே. கைதுகளால் இது தீருமா என்று கடற்படையினரைக் கேட்டால் அவர் ஒருவேளை உண்மை கூறக்கூடும்; தீராது, இது கரையிலே தீர்க்கவேண்டியது என்று. படைத்தலைவர் ஒருவர் “இது படையாற் செய்யத்தக்கதன்று” என்று வெளிப்படக் கூறுவாராயின் அதனினும் நன்றாகிய அறிவுரையை அரசு எங்குப் பெறும்? அவ்விடையை வருவிக்கும் வினாவை எவருங் கேட்பதில்லை.

குறைக்கப்படும் வீரர் எங்கே போவர் என்பது அடுத்தது. இஃது அவர்க்கும் நமக்கும் பொதுவாகிய கேள்வி. இருபது வயதிற் படையிற் சேர்ந்து சுடுதலன்றி வேறு தொழில் கல்லாதவனை நாற்பது வயதில் வீட்டுக்கு அனுப்பினால் அவன் யாது செய்வான்? 2024 இல் ஓய்வுபெற்ற வீரர் பலர் தரகர் சொற்கேட்டு உருசியாவுக்கும் உக்கிரேனுக்குஞ் சென்று, சமையற்காரர் என்று நம்பிப் போன இடத்திற் போர்முனையில் நிறுத்தப்பட்டு மாண்ட செய்தி வெளியாயிற்று. அவர்கள் தென்னிலங்கைச் சிற்றூர்களின் பிள்ளைகள். வறுமையே அவர்களையும் ஏற்றிச் சென்றது. அதே ஆண்டு, அனுமதியின்றிப் படையை விட்டோடியவர்க்குப் பொதுமன்னிப்பு வழங்கியபோது விண்ணப்பித்தோர் 15,000 இற்கு மேற்பட்டோர். ஆயுதப் பயிற்சி பெற்று, சம்பளமும் ஓய்வூதியமும் இன்றி, ஒளித்துத் திரிவோர் இத்துணைப் பேர் இருப்பதே ஒரு பாதுகாப்புச் சிக்கலன்றோ? இவ்விடத்துக் கேட்கத்தக்கது கொடைவினா. இல்லையோ என்று கேட்டு, இல்லையெனின் கொடுக்க நினைப்பவன் வினா. அவர்க்குத் தச்சும் மின்வேலையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்க ஒழுங்கு இல்லையோ? கண்ணிவெடி அகற்றுவதிலும் வெள்ளத்தில் மீட்பதிலும் பெற்ற திறமையை ஊதியத்தோடு பயன்படுத்தும் துறை இல்லையோ? இல்லையெனின் வரியிறுப்போர் அதற்குக் கொடுக்க முன்வருவர். ஆட்குறைப்பால் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கு அதற்கே உரியது. வடக்கில் வாழும் தமிழாசிரியன் இதனை எழுதுவது சிலர்க்கு வியப்பாகலாம். படையின் தொகை குறைய வேண்டும் என்று விரும்புபவனுக்கே அவர்களின் பிழைப்பைப்பற்றிப் பேசும் கடமை முதலில் உண்டு.

விடையும் நன்னூலில் எண்வகைப்படும். அவற்றுள் அதிகாரிகள் பெரிதும் விரும்புவது இனமொழி. பயறு உண்டோ என்பார்க்கு உழுந்து உண்டு என்பது போல, நிலத்தைக் கேட்டால் நல்லிணக்கத்தைக் கூறுவர். செலவைக் கேட்டால் வீரத்தைக் கூறுவர். உற்றதுரைத்தலும் உண்டு, எதனைக் கேட்டாலும் 2009 இல் நிகழ்ந்ததையே மீண்டும் உரைப்பது. நமக்கு வேண்டியது உறுவது கூறல். இதனைச் செய்தால் இது வரும், செய்யாவிடின் இது வரும் என்று வருங்காலத்தை உரைப்பது. சின்செக்கி கூறிய விடை இவ்வகையது.

அயல்நாட்டு உடன்படிக்கை பற்றி ஒன்று கூறி நிறுத்துகின்றேன். 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின் வாசகம் வெளியிடப்பட்டது. எதிர்க்கட்சியினர் அதனை வரிவரியாய் எடுத்துத் தாக்கினர். அவ்வுடன்படிக்கையைக் காட்டி, இலங்கை முழுச் சுதந்திர நாடன்று என்று சோவியத்து ஒன்றியம் தடுத்தமையால், 1955 வரை ஐக்கிய நாடுகள் சபையில் நமக்கு இடங் கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்டிற் சீன நாட்டுக் கப்பல் ‘யுவான் வாங் 5’ அம்பாந்தோட்டைக்கு வந்தபோது இந்தியா மனங்கோணியது. 2024 இல் ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை வரவிடாது நிறுத்தினோம். 2025 ஏப்பிரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்புப்பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1947 இற் போல வாசகம் கையிலிருக்க வரிவரியாய் வாதிடும் வாய்ப்பு அப்போது மக்களுக்கு வாய்க்கவில்லை. அதனால் நமது படைகள் புதிதாய் மேற்கொண்ட கடமை யாது, மேற்கொள்ளாத கடமை யாது என்று பிரதானியிடம் வினவுதல் எவ்வாற்றானும் நட்புக்கு இழுக்காகாது.

இவற்றைக் கேட்டற்குரிய இடம் தெருவன்று, பத்திரிகைப் பேட்டியுமன்று. பிரித்தானியப் பொதுமக்கள் சபையின் பாதுகாப்புக் குழு அந்நாட்டுப் படைத்தலைவர்களை அழைத்துப் பலரறிய வினவுகின்றது. நமது பாராளுமன்றத்திலும் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் உள. ஆண்டுதோறும் வரவுசெலவுத்திட்டத்தின் குழுநிலை விவாதத்திலே பாதுகாப்பு அமைச்சுக்கென ஒரு நாள் வருகின்றது. அந்நாளில் நம்மவர் எழுந்து ஆற்றும் உரைகள் பெரும்பாலும் முன்னாண்டு உரைகளே. நீண்டவை, உருக்கமானவை, எண் இல்லாதவை. அவ்வுரைகளைக் குறைத்து நாலைந்து வினாவை எழுத்திற் கொடுப்பாராயின், அவற்றுள் ஒவ்வொன்றும் இத்தனை ஏக்கர், இத்தனை பேர், இத்தனை மணி என்று எண்ணை விடையாக வேண்டி நிற்குமாயின், அவ்விடைகள் ஹன்சாட்டில் அச்சேறும். அடுத்த ஆண்டு அதே நாளில் அதே வினாவை மீண்டும் எழுப்பி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தல் அப்பொழுது இயலும்.